எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை? வீட்டிலேயே கண்டுபிடிக்க ஒரு வழி

சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வயிறு உப்பிக்கொள்கிறது, ஏப்பமும் வாயுவுமாகப் பாடாய்ப் படுத்துகிறது, ஆனால் எதனால் என்று பிடிபடவில்லை. கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள்: பாலை நிறுத்து, கோதுமையைத் தொடாதே, பருப்பைக் குறை. இந்த ஊகங்களை எல்லாம் தள்ளிவைத்துவிட்டு உங்கள் வயிற்றையே கேட்பதுதான் எலிமினேஷன் டயட். சந்தேகப்படும் உணவுகளைச் சில வாரம் அறவே நிறுத்தி, வயிறு அடங்கியதும் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும். நிறைய பேர் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள். "பாலை விட்டேன், சரியாகிவிட்டது" என்பார்கள். பாலோடு சேர்ந்து ஸ்வீட்டும் பிஸ்கட்டும் நின்றுபோனதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. திரும்பச் சேர்க்கும்போதுதான் உண்மை தெரியும்.

ஆரம்பிக்கும் முன்

வேர்க்கடலையோ இறாலோ சாப்பிட்டதும் உதடு வீங்கியது, உடம்பெல்லாம் தடித்தது, மூச்சு இழுத்தது என்றால் அது அலர்ஜி. அதை வீட்டில் சோதித்துப் பார்க்கவே கூடாது. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, இதில் எது இருந்தாலும் முதலில் டாக்டர். குழந்தைகள், கர்ப்பிணிகள், சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டயட்டீஷியன் துணை இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

இன்னொன்று. கோதுமை மேல் சந்தேகம் என்றால், அதை நிறுத்துவதற்கு முன்பே சீலியாக் நோய்க்கான (கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் பாதிக்கப்படும் நோய்) ரத்தப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். நிறுத்தியபின் எடுத்தால் நோய் இருந்தும் இல்லை என்று வர வாய்ப்புண்டு. நூறு உணவுகளுக்கு ஒரே ரத்தப் பரிசோதனை என்று விளம்பரம் வருகிறதே, ஐஜிஜி டெஸ்ட், அதற்குக் காசைக் கொட்டாதீர்கள். நீங்கள் எதைச் சாப்பிட்டுப் பழகியவர் என்பதைத்தான் பெரும்பாலும் அது காட்டும். அலர்ஜி மருத்துவச் சங்கங்களே அதைப் பரிந்துரைப்பதில்லை.

படி 1: ஒரு வாரம் எழுதுங்கள்

எதையும் மாற்றாமல் வழக்கம்போல் சாப்பிட்டு, என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு, வயிறு எப்படி என்று நோட்டில் குறியுங்கள். உப்புசத்துக்குப் பூஜ்யம் முதல் பத்து வரை மார்க் போட்டால் பின்னால் ஒப்பிட வசதி. தூக்கம், டென்ஷன், பெண்களுக்கு மாதவிடாய் நாள்களும் நோட்டில் இருக்கட்டும், அவையும் வயிற்றோடு விளையாடும்.

படி 2: விலக்குங்கள்

நம் ஊர்ச் சமையலில் வயிற்று உப்புசத்துக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியவை நான்கு: பால், கோதுமை, வெங்காயம்-பூண்டு, பருப்பு வகை. இரண்டு முதல் நான்கு வாரம் இவை வேண்டாம். கல்யாண சீசனில் ஆரம்பிக்காதீர்கள், பந்தியில் உட்கார்ந்துகொண்டு எதையும் விலக்க முடியாது.

சொல்வது சுலபம், மறைந்திருப்பதைப் பிடிப்பதுதான் வேலை. ரவை, மைதா எல்லாம் கோதுமைதான், சேமியாவும் பெரும்பாலும் அதுவேதான். கடையில் வாங்கும் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருப்பது சகஜம், டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். உளுந்தும் பருப்புதான், ஆகவே இட்லி, தோசைக்கும் விடுமுறை. நெய்யில் லாக்டோஸ் (பாலில் உள்ள சர்க்கரை) இல்லை என்றே சொல்லலாம், அது இருந்துவிட்டுப் போகட்டும்.

சாம்பாரில் வெங்காயத்தை ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. வெங்காயத்திலும் பூண்டிலும் வாயுவைக் கிளப்பும் ஃப்ரக்டான் என்ற சர்க்கரைச்சத்து தண்ணீரில் கரையும், அதனால் குழம்பு முழுக்க இறங்கிவிடும். ஆனால் எண்ணெயில் கரையாது. நல்லெண்ணெயில் பூண்டுப் பற்களைத் தட்டிப் போட்டுப் பொரித்து, பூண்டை முழுக்க எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் வாசனை வரும், தொந்தரவு வராது. வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியையும் தாராளமாகச் சேர்க்கலாம்.

அப்புறம் என்னதான் சாப்பிடுவது? சோறு, பச்சரிசி மாவு இடியாப்பம், முட்டை, மீன், கோழி, கேரட், உருளை, கத்தரி, வெள்ளரி, தக்காளி ரசம் (பருப்புத் தண்ணீரும் பூண்டும் இல்லாமல்). பட்டினி கிடக்க வேண்டியதில்லை. சைவக்காரர்களுக்குத்தான் புரதம் திண்டாட்டம், டோஃபு கிடைத்தால் நல்லது (சோயாவில் செய்வதுதான், ஆனால் கெட்டி டோஃபுவில் வாயுவைக் கிளப்பும் சத்து குறைவு).

நான்கு வாரமாகியும் மார்க் இறங்கவே இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். கோளாறு இந்த நான்கிலும் இல்லை என்று அர்த்தம். இன்னும் நாலு பொருளை வெட்டாமல் டாக்டரிடம் போங்கள்.

படி 3: ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள்

ஒரு நேரத்தில் ஒரே பொருள், மூன்று நாள், ஏறுமுகமாக. பாலென்றால் முதல் நாள் கால் டம்ளர், மறுநாள் அரை, மூன்றாம் நாள் முழு டம்ளர். காபியாகக் குடிக்காதீர்கள், காபிக்கே வயிற்றைக் கலக்கும் குணம் உண்டு, பழி பால் மேல் விழும். கோதுமைக்குச் சப்பாத்தி போதும், பரோட்டாவோ பன்னோ வேண்டாம். வெங்காயமும் பூண்டும் தனித்தனியாக. பருப்புக்கு வெந்த துவரம்பருப்பை இரண்டு கரண்டியில் தொடங்குங்கள்.

தொந்தரவு வந்தால் உடனே நிறுத்தி, வயிறு பழைய நிலைக்கு வந்தபின் அடுத்த பொருளுக்குப் போங்கள். வராவிட்டாலும் இரண்டு மூன்று நாள் இடைவெளி விடுங்கள். முக்கியமாக, பாஸான பொருளையும் எல்லாச் சோதனையும் முடியும்வரை சாப்பாட்டில் சேர்க்காதீர்கள், சேர்த்தால் அடுத்த முடிவு குழம்பும்.

சப்பாத்தி, வெங்காயம் இரண்டுமே படுத்தினால் சந்தேகம் குளூட்டனைவிட ஃப்ரக்டான் மேல்தான் போகும், ஏனென்றால் அது இரண்டிலும் இருக்கிறது.

படி 4: அளவைப் பிடியுங்கள்

ஃபெயிலானது என்றால் ஆயுசுக்கும் விலக்கு என்றில்லை. லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாத பலருக்கும் ஒரு பெரிய டம்ளர் (சுமார் 250 மில்லி) பாலில் உள்ள ஏறக்குறைய 12 கிராம் லாக்டோஸ், சாப்பாட்டோடு சேர்த்தால் பிரச்சினை செய்வதில்லை. தயிர் இன்னும் சுலபம், உறை ஊற்றும்போதே பாக்டீரியா லாக்டோஸில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். ஆகவே காலையில் ஒரு காபி சரி, சாயங்காலமும் இன்னொன்று குடித்தால் சரிப்படுமா என்பதை அதே நோட்டில் எழுதிப் பாருங்கள்.