எல்லைத் தகராறைத் தீர்க்கும் முறை: ஈக்வடார், பெரு காட்டிய வழி

முதலில் பழைய ஒப்பந்தத்தை நிலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1942 ரியோ ஒப்பந்தம் சமோரா, சாந்தியாகோ ஆறுகளுக்கு இடையிலுள்ள நீர்பிரி மேட்டை, அதாவது மழைநீரை இரு ஆறுகளுக்கும் பிரித்துவிடும் மேட்டை, எல்லை என்றது. பிறகு விமானத்திலிருந்து படமெடுத்தபோதுதான், நடுவே செனெபா ஆறு நினைத்ததைவிட நெடுந்தூரம் ஓடுவது தெரிந்தது. ஒற்றை மேடே அங்கில்லை! எல்லைக்கல் நடாமல் விட்ட அந்த 78 கிலோமீட்டர் பகுதியில்தான் 1995இல் போர் மூண்டது.

எல்லைக்கோடு பற்றிப் பேசுமுன் படைகளை விலக்குங்கள். இல்லாவிட்டால் ஒரு காவல்சாவடிச் சண்டை போதும், பேச்சு முறிந்துவிடும். அங்கே பிரேசில், அர்ஜென்டினா, சிலி, அமெரிக்கப் பார்வையாளர்கள் காட்டுக்குள்ளேயே நின்று விலகலைச் சரிபார்த்தார்கள்.

மிகக் கடினமான படி இது: நடுவர்களின் (இங்கே அந்த நான்கு நாடுகளின்) முடிவு தெரியுமுன்பே இரு நாடாளுமன்றங்களிடமும் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். முடிவு வந்தபின் கேட்டால் தோற்ற பக்கம் கையெழுத்திடாது. 1998 அக்டோபரில் இப்படித்தான் செய்தார்கள். 26ஆம் தேதி பிரசிலியாவில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

இழப்பவருக்கும் மானம் காக்க ஏதாவது கொடுங்கள். போர் நடந்த திவின்சா என்ற இடம் பெருவின் இறையாண்மையிலேயே இருந்தது. ஆனால் ஈக்வடார் வீரர்கள் போரிட்டு மடிந்த அங்கே 1 சதுர கிலோமீட்டர் ஈக்வடாருக்குத் தனிச்சொத்தாகக் கிடைத்தது. அமேசானில் கப்பல் விடும் உரிமையும் சேர்ந்தது.

கண்ணிவெடி அகற்றத் தனி நிதி ஒதுக்குங்கள். அந்த வேலை கையெழுத்துக்குப் பிறகும் பல ஆண்டுகள் இழுக்கும்.