ஓசியா முதல் மல்கியா வரை: படிக்கும்போது செய்யும் தவறுகள்

மல்கியா என்றால் தசமபாகம், யோவேல் என்றால் ஆவி ஊற்றப்படுதல், யோனா என்றால் ஞாயிறு பள்ளி மீன். மற்ற ஒன்பதும் வேகமாகப் புரட்டிவிடும் பக்கங்கள். பைபிளில் பழைய ஏற்பாட்டின் கடைசியில் வரும் பன்னிரண்டு சிறிய தீர்க்கதரிசிகளின் புத்தகங்களையும் நம்மில் பலர் இப்படித்தான் வசனம் பொறுக்கிப் படிக்கிறோம். யூத மரபில் இவை ஒரே சுருள், ஒரே புத்தகம். எல்லாம் சேர்ந்து 67 அதிகாரம். பெரிய தீர்க்கதரிசிகளில் ஒருவரான ஏசாயாவின் புத்தகம் தனியாகவே 66.

பொறுக்கிப் படித்தால் முதலில் நழுவிப்போவது, ஒரு புத்தகம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம். யோவேல் 3:16இல் கர்த்தர் சீயோனிலிருந்து கெர்ச்சிக்கிறார். ஆமோஸ் 1:2இலும் அதே கெர்ச்சிப்பு. ஆமோஸின் கடைசிப் பத்தியில் இஸ்ரவேலின் அண்டை நாடான ஏதோம் தலைகாட்டுகிறது. அடுத்து வரும் ஒபதியா முழுக்க ஏதோம்தான்.

இணைப்பு என்றதும் பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் பேசுவதாக நினைப்பது அடுத்த தவறு. அசீரியாவின் தலைநகரான நினிவேயையே பாருங்கள். யாத்திராகமம் 34இல் மோசேயின் காதில் விழுந்த 'நீடிய சாந்தமும் மகா தயையும்' யோனா 4:2இல் வருகிறது, அதுவும் புகாராக! நினிவேக்கு நீர் இப்படி இரங்குவீர் என்று தெரிந்துதானே ஓடினேன் என்று கர்த்தரிடம் சொல்கிறார் யோனா. மீகா அதே இரக்கத்தைப் பாடி முடிக்கிறார். அப்புறம் நாகூம் 1:3: நீடிய சாந்தம் உண்டு, ஆனால் குற்றவாளியைத் தப்பவிடமாட்டார். அதே நினிவே, அதே பழைய வாக்கியம், எடுத்துக்கொண்ட பாதிதான் வேறு. நகரம் கி.மு. 612இல் விழுந்தது. பன்னிரண்டில் கேள்வியோடு முடிபவை யோனா, நாகூம் இரண்டு மட்டுமே. இந்த வாக்குவாதத்தைச் சமாதானம் செய்துவைக்க அவசரப்படாதீர்கள்.

வரிசையைக் கால வரிசையாக எடுத்துக்கொள்வதும் சரியல்ல. ஓசியா, ஆமோஸ் கி.மு. எட்டாம் நூற்றாண்டு. ஆகாயும் சகரியாவும் பாரசீக ராஜா தரியுவின் இரண்டாம் வருஷம், அதாவது கி.மு. 520. தொடக்கமும் முடிவும் பொருந்துவதால் நடுவிலும் அப்படித்தான் என்று தோன்றும். ஆனால் யோவேலில் எந்த ராஜாவின் பெயரும் இல்லை. ஒபதியாவோ கி.மு. ஆறாம் நூற்றாண்டில் நடந்த எருசலேமின் வீழ்ச்சிக்குப் பிந்தியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இணைப்புகளை அளவுக்கு மீறி நம்பவும் வேண்டாம். பழைய ஏற்பாட்டின் பழமையான கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் முதல் ஆறு புத்தகங்களின் வரிசை வேறு: ஓசியா, ஆமோஸ், மீகா, யோவேல், ஒபதியா, யோனா. யோவேலுக்குப் பின் ஆமோஸ் என்ற அடுத்தடுத்த இடம் அங்கே இல்லை. ஆனால் மீகா முன்னால் போய்விட்டதால், யோனா முடிந்த கையோடு நாகூம் தொடங்கிவிடுகிறது.