பிரெஞ்சு பரோக் நடன இசையின் காலப்பிரமாணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பரோக் காலத்துப் (சுமார் 1600–1750) பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் அரசவை நடனங்களை இன்று வாசிக்க முனைவோரிடம் மிகுதியாகக் காணப்படும் தவறு, பழைய நூல்களில் உள்ள எண்களை மெட்ரோனோம் (நிமிடத்துக்கு இத்தனை தட்டுகள் என்று வேகம் காட்டும் கருவி) எண்களாகவே எடுத்துக்கொள்வதாகும். மெட்ரோனோம் காப்புரிமை பெற்றது 1815-இல். அதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே, பிரெஞ்சுப் பாடகர் மிஷேல் லாஃபிலார் தம் இசைப் பாடநூலின் 1705-ஆம் ஆண்டுப் பதிப்பில் நடனங்களின் வேகத்தைக் குறித்திருந்தார். ஆனால் அந்த எண்கள் ஒலியியல் அறிஞர் ஜோசஃப் சோவர் அமைத்த ஊசலைச் சார்ந்து, ஒரு வினாடியை அறுபதாகப் பகுத்த அலகில் எழுதப்பட்டவை. ஊசல் ஒரு பக்கம் போவதை மட்டும் ஓர் அசைவாகக் கொள்வதா, போய்த் திரும்புவதையா என்பதில் ஆய்வாளர்கள் வேறுபடுகிறார்கள். முதல் முறைப்படி மினுவே என்னும் மூன்று தட்டு நடனம் நிமிடத்துக்குச் சுமார் 70 கட்டங்கள் (bar) ஓடும். மற்றதன்படி 35 மட்டுமே.

இந்தக் கருத்து வேறுபாட்டை ஏட்டை மட்டும் வைத்துத் தீர்க்க முயல்வது அடுத்த தவறு. ரிகோதோன் துள்ளல் நிறைந்த நடனம். அதற்கு லாஃபிலார் தரும் வேகம், விரைவான கணக்கில் நிமிடத்துக்கு 120 தட்டுகள், அதாவது தட்டுக்கு அரை வினாடி. 20 சென்டிமீட்டர் உயரம் எழும்பும் ஒருவர் சுமார் 0.4 வினாடியில் தரைக்கு வந்துவிடுவார். ஆகவே அடுத்த தட்டுக்கு அவருடைய கால் ஆயத்தமாக இருக்கும். வேகத்தைப் பாதியாக்கினால், இறங்கிய பிறகும் அரை வினாடிக்கு மேல் அவர் வெறுமனே காத்திருக்க நேரும். பாதியாக்கும் வாசிப்பை நான் ஏற்காததற்கு இதுவே முதன்மையான காரணம். நடன ஆசிரியர் ஃபெயே 1700-இல் வெளியிட்ட நடனக் குறியீட்டில், ஆடுவோர் நடக்கும் பாதையின் மீதே இசைக் கட்டங்களின் எல்லைக் கோடுகள் இடப்பட்டிருப்பதால், எந்த அடி எந்தக் கட்டத்தில் விழுகிறது என்பதை இன்றும் எண்ணிப் பார்க்க முடியும். மினுவேயின் ஓர் அடிக்கோவைக்கு இரண்டு கட்டங்கள், அதாவது ஆறு எண்ணிக்கை வேண்டும்; ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியே அழுத்தி நிறுத்தி வாசித்தால் அந்தக் கோவை நடுவில் முறிந்துவிடும்.

ஒரு பெயருக்கு ஒரே வேகம் என்று நினைப்பதும் பிழை. 1702-இலேயே பிரெஞ்சு இசை நூலாசிரியர் சேன் லம்பேர், ஆடுவதற்கான மினுவேயையும் ஹார்ப்சிகார்டில் (பியானோவுக்கு முந்தைய விசைப்பலகைக் கருவி) வாசிப்பதற்கான மினுவேயையும் வேறுபடுத்தி, பின்னதைச் சற்று நிதானமாக வாசிக்கச் சொன்னார். 1703-இல் இசை அகராதி எழுதிய பிரொசார் மிகவும் துள்ளலானது என்று விவரித்த அதே நடனத்தை, 1768-இல் தத்துவஞானி ரூஸோ மிதமானது, அவையில் ஆடப்படுவனவற்றுள் களிப்பு குறைந்தது என்றார். பெர்லினில் 1752-இல் நாடித்துடிப்பை அளவாகக் கொண்டு புல்லாங்குழல் கலைஞர் குவான்ட்ஸ் தந்த வேகக் கணக்கை, 1687-இல் மறைந்த பிரெஞ்சு அரசவை இசையமைப்பாளர் லுல்லியின் இசைக்கு அப்படியே பொருத்துவதும் இதே வகைப் பிழையே. பிரெஞ்சு கூராந்த் நடனத்தை விரைந்தோடும் இத்தாலிய கொரெந்தேயாக எண்ணி வாசிப்போரும் உண்டு. பிரெஞ்சு வடிவம் கம்பீரமான நடையுடையது.

கையிலிருக்கும் இசைக்கு நடனக் குறியீடு கிடைக்காவிட்டால், ஊகத்தில் இறங்குமுன் அதே வகை நடனத்தின் வேறொரு குறியீட்டைத் தேடிப் பார்க்கலாம். அக்காலத்தைச் சேர்ந்த 300-க்கும் மேற்பட்ட நடன அமைப்புகள் நமக்கு எஞ்சியுள்ளன.