பெப்தைட்டைக் காவும் புரதம்: கொப்பிகளில் அடிக்கடி வரும் பிழைகள்

திருகோணமலையில் உயர்தர உயிரியல் ரியூஷன் கொப்பிகளைத் திருத்தும்போது ஒரே வசனம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: ‘புரதம் முழுவதும் அமினோ அமிலமாக உடைந்த பிறகே அகத்துறிஞ்சப்படும்.’ இது பாதிதான் சரி. மத்தியானம் சாப்பிட்ட கீரிமீனின் புரதத்தில் பெரும்பங்கு, இரண்டு மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்த சிறு பெப்தைட்டாகவே சிறுகுடல் கலத்துக்குள் போகிறது. அங்கேயுள்ள பெப்தைட்டேசு நொதியங்கள்தான் மிச்சத்தை உடைக்கின்றன.

அடுத்த பிழை கொஞ்சம் ஆழமானது. நொதியம் படித்த கையோடு, பூட்டும் திறப்பும் போல ஒவ்வொரு பெப்தைட்டுக்கும் ஒரு காவி (பதார்த்தங்களைக் கலமென்சவ்வுக்கு ஊடாகக் கொண்டுசெல்லும் புரதம்) இருக்கும் என்று எழுதிவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 அமினோ அமிலங்களிலிருந்து 400 இருபெப்தைட்டும் 8000 முப்பெப்தைட்டும் வரலாம். இத்தனைக்கும் குடலில் பிரதானமாக இருப்பது பெப்ட்-1 என்ற ஒரே காவிதான்! 1994இல் முயலில் இதன் மரபணு இனங்காணப்பட்டது.

சரி, எப்படிச் சமாளிக்கிறது? சந்தைப் பையைத் தூக்குகிறவர் இரண்டு கைபிடியைத்தான் பிடிக்கிறார், உள்ளே மீனா மரக்கறியா என்று பார்ப்பதில்லை. பெப்ட்-1 பிடிப்பதும் இரண்டு முனைகளை: ஒரு பக்கம் அமைன் கூட்டம், மறுபக்கம் காபொட்சைல் கூட்டம். காவியின் மறையேற்றமுள்ள குளுத்தாமிக் அமில மீதி (மீதி என்பது புரதச் சங்கிலியிலுள்ள ஓர் அமினோ அமில அலகு) முதலாவதையும், நேரேற்றமுள்ள மீதிகள் இரண்டாவதையும் பற்றிக்கொள்கின்றன. பக்கச் சங்கிலிகளுக்கு நீர் நிறைந்த விசாலமான குழிகள் உண்டு. ஆனால் முனைகளுக்கு இடையிலான தூரம் முக்கியம். தனி அமினோ அமிலம் எட்டாது, நான்கு சேர்ந்தது அடங்காது. ‘எதையும் காவும்’ என்று எழுதினாலும் அதனால்தான் பிழை.

குளுக்கோசு சோடியம் அயனோடு சேர்ந்து உள்ளே போகும் என்று படித்த பழக்கத்தில், இங்கேயும் சோடியம் அயன் என்று எழுதுவதும் உண்டு. இங்கே கூட வருவது ஐதரசன் அயன். கலத்தின் சக்தி மூலக்கூறான ஏ.டி.பி. நேரடியாகச் செலவாவதில்லை. காவி வெளியே திறந்து, மூடி, பிறகு உள்ளே திறக்கிறது. இரு பக்கமும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் குழாயாக வரைய வேண்டாம்.

கேள்வியில் மருந்து வந்தால், அமினோ அமிலங்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெப்தைட்டுப் பிணைப்பைத் தேடி ஏமாறாதீர்கள். அசைக்ளோவிர் என்ற வைரசு எதிர்ப்பு மருந்தோடு வலைன் என்ற அமினோ அமிலத்தை இணைத்துச் செய்த வலாசைக்ளோவிரில் அந்தப் பிணைப்பே இல்லை. ஆனாலும் பெப்ட்-1 அதைக் காவுகிறது. அதனால் வெறும் அசைக்ளோவிரை விழுங்குவதைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு மருந்து இரத்தத்தில் சேர்கிறது.