அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனர் லைசென்ஸ்: எங்கெல்லாம் தவறு நடக்கிறது?

நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதும் உயர்நிலை நர்ஸ்தான் நர்ஸ் பிராக்டிஷனர். அந்த வேலை பார்க்க ஒரு லைசென்ஸ் போதாது. ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) லைசென்ஸ், அதன் மேல் மாநில நர்சிங் போர்டு தரும் ஏ.பி.ஆர்.என். (உயர்நிலை நர்ஸ்) லைசென்ஸ், தேசிய சர்டிபிகேஷன், மருந்து எழுதும் அதிகாரம், கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளுக்கான டி.இ.ஏ. (மத்திய போதைப்பொருள் தடுப்பு அமைப்பு) பதிவு என எல்லாமே வேண்டும். இவற்றைத் தருபவர்கள் வேறு வேறு, காலாவதியாகும் தேதியும் வேறு வேறு. சர்டிபிகேஷன் 5 ஆண்டுக்கு ஒருமுறையும் டி.இ.ஏ. 3 ஆண்டுக்கு ஒருமுறையும் புதுப்பிக்க வேண்டியவை. பல மாநிலங்களில் சர்டிபிகேஷன் காலாவதியானால் ஏ.பி.ஆர்.என். லைசென்ஸும் கூடவே போய்விடும். ஆகவே எல்லாத் தேதிகளையும் ஒரே தாளில் எழுதி வையுங்கள். நர்ஸ் லைசென்ஸ் விவரங்களைத் தரும் நர்சிஸ் (Nursys) தளத்தின் இ-நோட்டிஃபை சேவை லைசென்ஸ் காலாவதியை இலவசமாக நினைவூட்டும்.

அதிகம் பேர் ஏமாறுவது காம்பாக்ட் விஷயத்தில், அதாவது ஒரே லைசென்ஸில் பல மாநிலங்களில் வேலை பார்க்கவிடும் மாநிலங்களுக்கிடையிலான ஒப்பந்தத்தில். டெக்சாஸில் குடியிருந்துகொண்டு பலமாநில ஆர்.என். லைசென்ஸ் வைத்திருப்பவர், டென்னசியிலும் நர்ஸ் பிராக்டிஷனராக வேலை பார்க்கலாம் என்று நம்பிவிடுகிறார். இரண்டுமே காம்பாக்ட் மாநிலங்கள்தான். ஆனால் அந்த ஒப்பந்தம் ஆர்.என்., அதற்குக் கீழ்ப்படியான எல்.பி.என். நிலைக்கு மட்டுமே பொருந்தும். ஏ.பி.ஆர்.என்.களுக்கென 2020இல் வகுத்த தனிக் காம்பாக்ட், 7 மாநிலங்கள் சட்டமியற்றிய பிறகே நடைமுறைக்கு வரும். 2,080 மணி நேரப் பணி அனுபவமும் கேட்கும். அதை நம்பி வேலையை ஒப்புக்கொள்ள வேண்டாம்.

வீடியோ வழியே நோயாளியைப் பார்க்கும் டெலிஹெல்த்தில் இந்தக் குழப்பம் இன்னும் பெரிது. நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதைவிட, நோயாளி அந்த நேரத்தில் எங்கே இருக்கிறார் என்பதே முக்கியம். வழக்கமாக வரும் நோயாளி விடுமுறைக்கு வேறு மாநிலம் போயிருந்தால், அந்த மாநிலத்தின் விதி வந்துவிடும். வீடியோ திறந்ததும் "இப்போ எந்த ஊர்ல இருக்கீங்க?" என்று கேட்டு, பதிலைப் பதிவேட்டில் எழுதிவிட்டே மேலே பேசுங்கள். ஃபுளோரிடா போன்ற சில மாநிலங்களில் வெளிமாநிலத்தவருக்குத் தனி டெலிஹெல்த் பதிவு உண்டு. அதுவும் தானாகக் கிடைக்காது, விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும்.

அடுத்தது மருத்துவருடன் போடும் ஒப்பந்தம். டெக்சாஸில் மருந்து எழுத இது கட்டாயம். எந்தெந்த வகை மருந்துகள், சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது, நோயாளி பதிவுகளை எப்படிப் பரிசீலிப்பது, மாதாந்தரக் கூட்டம் எப்படி நடக்கும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது படித்துப் பார்த்து மறுபடி கையெழுத்திட வேண்டும். முதல் நாள் கையெழுத்து போட்டுவிட்டுக் கோப்பில் தூங்கவிடுவதுதான் வழக்கமான தவறு. அந்த மருத்துவர் ஓய்வு பெற்றாலோ வேலையை விட்டாலோ, உங்கள் மருந்துச் சீட்டுக்கு ஆதாரமே இல்லாமல் போகும். மாற்று மருத்துவர் பெயரையும் முன்கூட்டியே ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.

ஒப்பந்தம் சரியாக இருந்தாலும் வரம்பு உண்டு. டெக்சாஸ் கிளினிக்கில் கவனக்குறைவுக் கோளாறுக்கான அடெரால் போன்ற, கடுமையான கட்டுப்பாடுள்ள இரண்டாம் அட்டவணை மருந்தை நீங்கள் எழுத முடியாது. மருத்துவமனையில் சேர்ந்த நோயாளிகள், அவசரப் பிரிவு, ஹாஸ்பிஸ் (இறுதிக்காலப் பராமரிப்பு) ஆகிய இடங்களுக்கு மட்டுமே குறிப்பிட்ட நிபந்தனைகளுடன் அனுமதி. வேறு மாநிலத்திலிருந்து வருபவர்கள் பழைய பழக்கத்தில் எழுதிவிடுவது இங்கேதான்.

மருத்துவர் ஒப்பந்தம் இல்லாமல் தனித்து இயங்கும் உரிமைக்கு மாநிலத்துக்கு மாநிலம் கணக்கு மாறும். கலிஃபோர்னியாவில் 3 முழுநேர ஆண்டுகள் அல்லது 4,600 மணி நேரம். அதுவும் முதல் படியில் மருத்துவர் இருக்கும் குழு அமைப்பில்தான். இல்லினாயில் 4,000 மணி நேரத்தோடு 250 மணி நேரக் கூடுதல் கல்வி அல்லது பயிற்சி. ஃபுளோரிடாவில் 5 ஆண்டுக்குள் 3,000 மணி நேரம். கிடைப்பதும் முதன்மைப் பராமரிப்புக்குள் அடங்கும் உரிமைதான். ஆர்.என். ஆக உழைத்த காலம் இந்தக் கணக்கில் சேராது. பலர் மணி நேரத்தை முடித்துவிட்டு, சான்று தர வேண்டியவரைத் தேடி அலைகிறார்கள். ஒரு வேலையை விடும் வாரத்திலேயே கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது.

டி.இ.ஏ. எண்ணை அப்படியே வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோக முடியாது. கட்டுப்படுத்தப்பட்ட மருந்து எழுதும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் பதிவு வேண்டும். இல்லினாய், மாசசூசெட்ஸ் போன்றவை மாநிலப் பதிவும் தனியாகக் கேட்கும். 2023 ஜூன் 27 முதல், போதைப் பழக்கச் சிகிச்சை குறித்த 8 மணி நேரப் பயிற்சியை முடித்ததாக ஒருமுறை உறுதியளிக்கவும் வேண்டும்.

குடும்ப நர்ஸ் பிராக்டிஷனர் சான்றோடு ஐ.சி.யு. வேலைக்குப் போவதும் ஆபத்தானது. படித்ததும் சான்று பெற்றதும் எந்த நோயாளிப் பிரிவுக்கு என்பதைத்தான் போர்டு பார்க்கும். மருத்துவமனை வேலை கொடுத்துவிட்டது என்பது அங்கே பதிலாகாது.

இந்தியாவில் 2 ஆண்டு கிரிட்டிகல் கேர் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பை முடித்துவிட்டு வருபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பட்டத்தை வைத்து இங்கே சர்டிபிகேஷன் தேர்வு எழுத முடியாது. என்கிளெக்ஸ் என்ற நர்ஸ் லைசென்ஸ் தேர்வு எழுதி ஆர்.என். ஆகி, பிறகு அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற பட்டமேற்படிப்பில் சேர வேண்டும். ஆன்லைன் படிப்பானால், நீங்கள் வசிக்கும் மாநிலத்தில் கிளினிக்கல் பயிற்சி தர அந்தக் கல்லூரிக்கு அனுமதி உண்டா என்று பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்குங்கள்.