முதல் போணிக்கு முன் ரசீது புத்தகத்தை நீட்டாதீர்கள்: பேட்டைச் சங்கங்களுக்கு ஒரு பொருளாளரின் யோசனைகள்

கொரட்டூரில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. கூடவே சின்ன அச்சு வேலைகளும் உண்டு: பில் புக், கல்யாணப் பத்திரிகை, ரசீது புத்தகம். ரசீது அடிக்கத் தெரியும் என்ற ஒரே தகுதியில் எங்கள் தெருச் சங்கத்துக்கு என்னைப் பொருளாளர் ஆக்கினார்கள். அந்தப் பதவியை வேறு யாரும் கேட்காததால் இன்னும் என்னிடமே இருக்கிறது.

புதிதாகச் சங்கம் ஆரம்பிக்கிற பையன்கள் ரசீது அடிக்க வரும்போது, "அண்ணே, வசூலை எங்கே ஆரம்பிக்கலாம்?" என்று கேட்பார்கள். எதற்கு வசூல் என்று திருப்பிக் கேட்டால், பாதிப் பேர் "கவர்ன்மென்ட் ஸ்கூல் பசங்களுக்கு நோட்டு குடுக்கப் போறோம்" என்பார்கள். நல்ல மனசுதான். ஆனால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடநூல், நோட்டு, சீருடை, பை, காலணி, ஜியாமெட்ரி பாக்ஸ், கலர் பென்சில் வரை அரசாங்கமே கொடுக்கிறது. நீங்களும் அதையே கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள், நன்றியும் சொல்வார்கள். அவ்வளவுதான்.

அதனால் வசூலுக்குக் கிளம்பும் முன் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். இரண்டு பேர் போனால் போதும், படையாகப் போக வேண்டாம். தலைமையாசிரியரிடம் "என்ன கொடுக்கட்டும்" என்று கேட்காதீர்கள், "எது குறையுது" என்று கேளுங்கள். எங்கள் பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியை சொன்னது இதுதான்: "நோட்டு வேணாம் சார். பத்தாவதும் பிளஸ் டூவும் சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ்ல உக்காருதுங்க. பத்தாவது வரைக்கும் மத்தியானம் சத்துணவு உண்டு, பிளஸ் டூவுக்கு அதுவும் இல்ல. அஞ்சு மணிக்கு மேல பசியில எதுவும் மண்டையில ஏறாது. சுண்டல் கிண்டல் ஏதாவது குடுக்க முடியுமா?"

பொதுத்தேர்வு மார்ச்சில். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததிலிருந்து தேர்வு வரைக்கும் சுண்டல். இப்படி வேலை என்ன என்று தெரிந்துவிட்டால் வசூல் பாதி முடிந்த மாதிரி.

அடுத்து ஒரு நாள் செலவைக் கணக்குப் போடுங்கள். ஒரு கிலோ காய்ந்த கொண்டைக்கடலை ஊறி வெந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் வரும். பிள்ளைக்கு நூறு கிராம் என்று வைத்தால் அறுபது பேருக்கு மூன்று கிலோ கடலை. தேங்காய், எண்ணெய், கடுகு, மிளகாய், கேஸ், சமைக்கிற அக்காவுக்குக் கூலி, ஆட்டோ எல்லாம் சேர்த்துப் பார்த்தோம். ஆயிரத்துக்குள் அடங்கியது. ஒரு நாள் சுண்டல் 1001 ரூபாய் என்று விலை வைத்தோம். மொய் எழுதிப் பழகிய ஊர் இது, அந்த ஒரு ரூபாய் முக்கியம். "உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்" என்றால் ஐம்பது ரூபாய்தான் வரும். "உங்க பொண்ணு பிறந்த நாள் பிப்ரவரி பன்னிரண்டு, அன்னைக்குச் சுண்டல் உங்களுது" என்றால் ஆயிரத்து ஒன்று வரும். பிறந்த நாள், கல்யாண நாள், அப்பாவின் திதி என்று ஆளுக்கு ஒரு தேதி இருக்கிறது. ஒரு காலண்டர் தாளை எடுத்து, நாள் நாளாகப் பெயர் எழுதி வாட்ஸப் குரூப்பில் போடுங்கள். காலியாக இருக்கும் கட்டங்களே பேசும், நீங்கள் வாய் திறக்க வேண்டாம்.

சுண்டல் விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும். கடலையை முதல் நாள் ராத்திரியே ஊறப் போட வேண்டும், காலையில் போட்டால் சாயங்காலம் பல்லுக்கு வேலை. தேங்காய்த் துருவலைக் கடைசியில் சேருங்கள். பிப்ரவரி பாதிக்கு மேல் வெயில் ஏறிவிட்டால் தேங்காயை விட்டுவிட்டு மாங்காய்த் துருவல் போடுவது நல்லது, இல்லையென்றால் மூன்று மணி நேரத்தில் ஊசிப்போகும். கொண்டைக்கடலை, பட்டாணி, பச்சைப்பயறு, காராமணி, வேர்க்கடலை என்று மாற்றி மாற்றிப் போனால் அலுக்காது. நியூஸ் பேப்பரில் மடித்துக் கொடுக்கவே கூடாது. அச்சு மை என்னவென்று தெரிந்தவன் சொல்கிறேன், சூடான எண்ணெய்ப் பண்டத்தில் அது நன்றாக ஒட்டும். பிளாஸ்டிக் பூசிய தட்டு, கப் எல்லாம் 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் தடை. தொன்னை வாங்கலாம். அதைவிட நல்லது, பிள்ளைகள் டிபன் பாக்ஸ் மூடியை நீட்டட்டும். பரிமாறும் முன் சங்கத்து ஆள் ஒருவரும் ஒரு ஆசிரியரும் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். தினமும்.

படம் எடுப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிள்ளை கையில் தொன்னையைக் கொடுத்து, பின்னால் பேனரோடு பத்துப் பேர் நின்று சிரிக்கிற படம் வேண்டாம். பத்தாவது படிக்கிற பிள்ளைக்கு மானம் உண்டு. அண்டாவைப் படம் எடுங்கள், நன்கொடையாளருக்கு அது போதும். பேனர், சால்வை, நினைவுப் பரிசு மூன்றையும் விட்டால் அந்தக் காசில் சில நாள் சுண்டல் ஓடும். பேனர் ஆர்டர் எனக்குத்தான் வரும், அப்படியும் சொல்கிறேன்.

இப்போது கடைத்தெரு வசூல். காலையில் கடை திறந்ததும் போகாதீர்கள். முதல் போணி ஆகும் முன் கையை நீட்டினால் நீங்கள் யாராக இருந்தாலும் முகம் சுளிப்பார்கள். விளக்கு வைத்த பிறகும் சிலர் கல்லாவிலிருந்து காசு எடுக்க மாட்டார்கள், வெள்ளிக்கிழமை என்றால் இன்னும் கறார். பதினொன்றரைக்கு மேல் ஒரு மணிக்குள் போங்கள், வியாபாரம் அப்போது மந்தமாக இருக்கும். குடியிருப்புகளுக்கு மாதத்தின் முதல் வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை பத்துக்கு மேல். எங்கேயும் இரண்டு பேராகப் போங்கள். அதில் ஒருவரையாவது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். எங்களுக்கு அது ஓய்வு பெற்ற ஒரு கணக்கு டீச்சர். பாதிக் கடைக்காரர்கள் அவரிடம் படித்தவர்கள், அவர் வந்து நின்றால் எழுந்து நிற்கிறார்கள்.

ரசீது புத்தகம் என் தொழில், அதனால் கொஞ்சம் நீட்டுவேன். வரிசை எண் அச்சடித்த, நகலோடு கூடிய புத்தகமாக இருக்கட்டும். கடையில் விற்கிற வெற்று ரசீது புத்தகத்தில் ரப்பர் ஸ்டாம்ப் குத்தி வசூலுக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே புத்தகம் எல்லாக் கடையிலும் கிடைக்கும், அதே ஸ்டாம்பை யார் வேண்டுமானாலும் செய்துகொள்வார்கள். எந்தப் புத்தகம், எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை, யார் கையில் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி அவர் கையெழுத்தை வாங்குங்கள். தப்பாக எழுதிய ரசீதைக் கிழிக்கக் கூடாது. இரண்டு பிரதியையும் குறுக்கே கோடு போட்டு அப்படியே புத்தகத்தில் வைக்க வேண்டும். முடிந்த புத்தகத்தின் அடிக்கட்டை திரும்பி வராமல் அடுத்த புத்தகம் கிடையாது, தலைவரே கேட்டாலும்.

ஜி-பே விஷயத்தில்தான் பல சங்கங்கள் உடைகின்றன. செயலாளரின் சொந்த எண்ணுக்குப் பணம் வரும், அவர் அதில் ஒரு சினிமா டிக்கெட் எடுப்பார், மூன்றாம் மாதம் எது சங்கத்துப் பணம் என்று அவருக்கே தெரியாது. கியூஆர் கோடு சங்கத்தின் வங்கிக் கணக்குக்கே இருக்க வேண்டும், அந்தக் கணக்கை இரண்டு பேர் கையெழுத்தில் இயக்க வேண்டும். அந்தக் கணக்கைத் திறக்க வங்கியில் பதிவுச் சான்றிதழும் சங்கத்தின் பெயரில் பான் கார்டும் கேட்பார்கள். ஏழு பேர் சேர்ந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துகொள்ளலாம். பதிந்தால் வருஷா வருஷம் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், அதற்குச் சோம்பல்படுகிறவர்கள் பெரிய தொகை வசூலில் இறங்க வேண்டாம்.

பெரிய தொகை கொடுப்பவர் "80ஜி உண்டா?" என்று கேட்பார், கொடுத்த நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை கிடைக்குமா என்று அர்த்தம். வருமான வரித் துறையில் அந்தப் பதிவு இல்லாமல் ரசீதில் 'வரிவிலக்கு உண்டு' என்று அச்சடிக்கச் சொன்னால் நான் அடித்துத் தர மாட்டேன். பதிவு இருந்தாலும் 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த நன்கொடைக்கு அந்தச் சலுகை கிடையாது. காசோலையாகவோ வங்கி வழியாகவோ வாங்குங்கள். இன்னொரு விஷயம், அமெரிக்காவில் இருக்கிற மச்சான். அவர் இந்தியக் குடிமகனாகவே இருந்து தன் சம்பாத்தியத்தில் அனுப்பினால் பரவாயில்லை. அங்கே குடியுரிமை வாங்கியவர் என்றால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு, 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசின் அனுமதி இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. அவர் ஊருக்கு வரும்போது ஒரு நாள் சுண்டல் பரிமாறிவிட்டுப் போகட்டும்.

நன்கொடை தவிர, நாமே சம்பாதிக்கிற வழிகளும் உண்டு. எங்களுக்கு நன்றாகக் கைகொடுப்பது தீபாவளிப் பட்சணம். நவராத்திரி முடிந்ததும் ஆர்டர் தாள் போய்விடும். முறுக்கு, மிக்சர், ரிப்பன் பக்கோடா, மைசூர்பாகு, அவ்வளவுதான். பால் சேர்த்த இனிப்பைத் தொடவே வேண்டாம், கெட்டுப்போனால் சங்கத்தின் பெயரும் சேர்ந்து கெடும். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு உள்ள சமையல் மாஸ்டரிடம்தான் கொடுப்போம், டப்பாவில் தயாரித்த தேதி இருக்கும். முழுப் பணமும் முன்கூட்டியே வாங்கிவிடுவோம், ஆர்டர் எவ்வளவோ அவ்வளவுதான் அடுப்பில் ஏறும். தீபாவளிக்கு நாலு நாள் முன்பே வீட்டில் சேர்க்க வேண்டும். கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறப் போகிறவர்கள் ஊருக்கு எடுத்துப் போகத்தான் முக்கால்வாசி வாங்குகிறார்கள், முந்தின நாள் கொடுத்தால் வீடு பூட்டியிருக்கும்.

அப்புறம் பழைய பேப்பர். ஏப்ரல், மே மாதங்களில் தேர்வு முடிந்து நோட்டுகளும் சேர்ந்து வரும். ஐப்பசி, கார்த்திகையில் எடுத்தால் பாதி நனைந்திருக்கும். ஆங்கிலப் பேப்பர், தமிழ்ப் பேப்பர், நோட்டு, அட்டைப்பெட்டி என்று தனித்தனியாகக் கட்டுங்கள். கலந்து கொடுத்தால் கடைக்காரர் எல்லாவற்றுக்கும் குறைந்த விலையைத்தான் போடுவார். தராசு நம்முடையதாக இருக்கட்டும்.

செய்யக் கூடாதவை இரண்டு. ஒன்று, ஆண்டு மலர். முழுப் பக்கம் இவ்வளவு, பின் அட்டை இவ்வளவு என்று விளம்பரம் வாங்கி, வந்த பணத்தில் பெரும்பகுதியை என்னைப் போன்றவனிடம் அச்சுக் கூலியாகக் கொடுத்துவிட்டு, மிச்சப் புத்தகங்களை யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் அடுக்குவார்கள். இரண்டு, பரிசுக் குலுக்கல் சீட்டு. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. நல்ல காரியத்துக்குத்தானே என்று பத்து ரூபாய்ச் சீட்டு விற்றுவிட்டு ஸ்டேஷனில் போய் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

பணமே அதிகம் தேவைப்படாத சேவைகளும் உண்டு. ரத்ததான முகாமுக்கு ஃபேன் ஓடுகிற ஒரு ஹால், கழிப்பறை, கட்டில் அல்லது பெஞ்சுகள், ஜூஸ், பிஸ்கட் இருந்தால் போதும். மற்றதெல்லாம் அரசு மருத்துவமனை ரத்த வங்கி வண்டியிலேயே வந்துவிடும். ஜூன் 14 உலக ரத்ததான தினம் என்று எல்லோரும் அன்றைக்கே கேட்பார்கள். நீங்கள் மே மாதத்தில் தேதி கேளுங்கள். கல்லூரிகள் லீவு, முகாம்கள் குறைவு, ரத்தத்துக்குத் தட்டுப்பாடு வருகிற மாதம் அதுதான். பதினெட்டு வயதும் 45 கிலோ எடையும் ஹீமோகுளோபின் 12.5உம் இருக்க வேண்டும். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் நாலு மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம். வெறும் வயிற்றோடு வருகிறவர்களை இட்லி சாப்பிட வைத்து அப்புறம் படுக்க வையுங்கள்.

வெள்ளம் வந்தால் பழைய துணி வாங்காதீர்கள். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் குவிந்த துணியில் நிறைய குப்பைக்குத்தான் போனது. பாய், போர்வை, கொசுவர்த்தி, மெழுகுவர்த்தி, பிளீச்சிங் பவுடர், நாப்கின், தண்ணீர் கேன் என்று பட்டியல் போட்டு அதை மட்டும் வாங்குங்கள்.

மார்ச் கடைசியில் கணக்கை ஒரே ஒரு தாளில் எழுதுங்கள்: வரவு, செலவு, கையிருப்பு. யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று ரசீது எண்ணோடு இருக்கட்டும். என் கடைக் கண்ணாடியில் ஒன்று ஒட்டுவேன், குரூப்பில் ஒன்று போடுவேன். நின்று படிக்கிறவர்களில் பாதிப் பேர் தங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள், பார்க்கட்டும். மிச்சம் இருந்தால் நீங்களே முடிவு செய்யாதீர்கள், கொடுத்தவர்களிடம் கேளுங்கள். போன தடவை கேட்டபோது குரூப்பில் ஆளுக்கொன்று சொன்னார்கள், கேரம் போர்டு, கடிகாரம், ஒருவர் திருவள்ளுவர் சிலை. கடைசியில் தலைமையாசிரியையிடமே கேட்டோம். குழாய் வைத்த பெரிய சில்வர் அண்டா ஒன்று, குடிதண்ணீருக்கு, என்றார். அதை வாங்கிக் கொடுத்துவிட்டு, பில்லையும் அதே கணக்குத் தாளோடு ஒட்டிவிட்டோம்.