பிம்பிள் க்ரீம் போட்டு முகம் எரியுதா? அதுக்கப்புறம் நாம பண்ற தப்புதான் பெருசு

பிம்பிளுக்கு டாக்டர் ஒரு ஜெல் எழுதிக் குடுப்பாரு, நாலு நாள் போடுவோம், அஞ்சாவது நாள் காலைல மூக்கு ஓரம் செதில் செதிலா உரியும், ஃபேஸ்வாஷ் பட்டா சுரீர்னு எரியும், ஏற்கெனவே இருந்த பருவோட புதுசா ரெண்டு மூணு வேற வந்து நிக்கும். பாதிப் பேர் தடம் மாறுறது இந்த இடத்துலதான். மருந்தால வர்ற சேதாரத்தைவிட, அது வந்ததும் பயந்துபோய் அதுக்கு மேல நாம தடவுறதால வர்ற சேதாரம்தான் பெரும்பாலும் ஜாஸ்தி. அதுவும் நம்ம மாநிறத் தோலுக்கு இது ரொம்பவே உண்மை, ஏன்னா நம்ம தோல் எரிஞ்சா சும்மா சிவந்து ஆறிப் போயிடாது, கருப்புத் திட்டா மாசக்கணக்குல உக்காந்துக்கும். பரு போயிடுச்சு ஆனா முகமெல்லாம் கரும்புள்ளியா இருக்குன்னு சொல்றவங்கள்ல நிறைய பேருக்கு அந்தப் புள்ளி பருவால மட்டும் வந்தது இல்ல, எரிய எரியத் தேய்ச்சதாலயும் வந்ததுதான்.

முதல் தப்பு, என்ன நடக்குதுன்னு பிரிச்சுப் பாக்காம முடிவு எடுக்கிறது. அடாபலீன், ட்ரெடினாய்ன் மாதிரி ரெட்டினாய்டு மருந்து, அதாவது வைட்டமின் ஏ வகை மருந்து, எதுவா இருந்தாலும் முதல் ரெண்டு மூணு வாரம் காஞ்சு போறது, லேசா சிவக்கிறது, உரியிறது எல்லாம் எதிர்பாக்க வேண்டியதுதான். தோல் செல் உதிர்ற வேகத்தையே அது மாத்துது, அதனால உள்ள அடைச்சுக்கிட்டு, இன்னும் ஒரு மாசம் கழிச்சு பருவா வரவேண்டியதெல்லாம் சீக்கிரமே மேல வந்துடும். இதைத்தான் பர்ஜிங்னு சொல்றாங்க. வழக்கமா உங்களுக்குப் பரு வர்ற இடத்துலயேதான் வரும், நாலு வாரம் ஆறு வாரத்துல அடங்கிடும். இதைப் பாத்துட்டு ஒரே வாரத்துல ட்யூப்பைத் தூக்கிப் போடுறது ஒரு தப்புன்னா, எது வந்தாலும் பர்ஜிங்தான் பர்ஜிங்தான்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு தடவுறது அதைவிடப் பெரிய தப்பு. எனக்குக் கேட்டா இப்போ ரெண்டாவதுதான் அதிகமா நடக்குது, ரீல்ஸ் பாத்து எல்லாருக்கும் அந்த வார்த்தை மனப்பாடம் ஆயிடுச்சு. மாய்ஸ்சரைசர் போட்டு பரு வந்தா அது பர்ஜிங் இல்லீங்க, அந்த மாய்ஸ்சரைசர் உங்களுக்கு ஒத்துக்கல, அவ்வளவுதான்.

அலர்ஜின்னா அது வேற ரகம். எரிச்சலைவிட அரிப்பு தூக்கலா இருக்கும், கண் இமை வீங்கும், பொடிப்பொடியா நீர்க்கொப்புளம் வரும், மருந்து படாத இடத்துக்கும் பரவும். பருவுக்குப் போடுற இன்னொரு மருந்தான பென்சாயில் பெராக்சைடுக்கு சிலருக்கு இப்படி ஆகும். 2014-ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கடையில சும்மா வாங்கக்கூடிய பென்சாயில் பெராக்சைடு, சாலிசிலிக் ஆசிட் பொருட்களால அபூர்வமா உயிருக்கே ஆபத்தான அலர்ஜி வரலாம்னு எச்சரிக்கை குடுத்துச்சு, முதல் மூணு நாள் சின்ன இடத்துல கொஞ்சமா போட்டுப் பாத்துட்டு அப்புறம் முழுசா போடுங்கன்னும் சொல்லுச்சு. உதடு, முகம் வீங்குது, தொண்டை இறுக்குது, மூச்சு வாங்குது, தலை சுத்துதுன்னா நாளைக்கு ஸ்கின் டாக்டருக்கு அப்பாயின்மென்ட் போடலாம்னு உக்காந்திருக்கக் கூடாது, உடனே பக்கத்துல இருக்கிற ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்குப் போகணும்.

சரி, சாதாரண எரிச்சல்தான்னு வைங்க. அது எதனாலன்னு தேடினா நிறைய சமயம் அளவுலயே விடை கிடைச்சுடும். முகம் முழுசுக்கும் ஒரு பட்டாணி அளவுதான் ஜெல், அதை நெத்தி, ரெண்டு கன்னம், தாடை, மூக்குன்னு புள்ளி புள்ளியா வெச்சு மெல்லிசா பரத்தணும். நாம என்ன பண்றோம், ஃபேர்னஸ் க்ரீம் போட்ட பழக்கத்துல விரல் நீளத்துக்குப் பிதுக்கி, அதையும் குளிச்சு வந்த ஈரத்தோட தேய்க்கிறோம். ஈரத் தோல்ல மருந்து கூடுதலா உள்ள இறங்கும், எரிச்சலும் அதே கணக்குல கூடும். முகத்தை ஒத்தி எடுத்துட்டு இருபது நிமிஷம் அரை மணி நேரம் விட்டு நல்லா காஞ்சப்புறம் போடுறதே பாதிப் பிரச்சனையைக் குறைச்சுடும். கண் ஓரம், மூக்கு மடிப்பு, வாயோட ரெண்டு முனை, இந்த இடங்கள்ல ஜெல் வழிஞ்சு போய்த் தேங்கும், உரியிறதும் அங்கதான் ஆரம்பிக்கும், அதனால ஜெல் போடுறதுக்கு முன்னாடியே அங்க லேசா வாசலின் தடவி வெச்சுட்டா மருந்து ஏறாது. இன்னொன்னு, பருவு மேல மட்டும் தொட்டு வைக்கிறது. ரெட்டினாய்டு வரப்போற பருவைத் தடுக்கிற மருந்து, வந்த பரு மேல அழுத்தித் தடவினா அந்த இடம் வெந்துதான் போகும்.

அடுத்தது, எல்லாத்தையும் ஒரே நாள்ல ஆரம்பிக்கிறது. டாக்டர் குடுத்த ஜெல், கூடவே சாலிசிலிக் ஃபேஸ்வாஷ், காலைல வைட்டமின் சி சீரம், வாரம் ரெண்டு தடவை வால்நட் ஸ்க்ரப். அப்புறம் எது எரிச்சுதுன்னு யாருக்குத் தெரியும், டாக்டருக்கே தெரியாது. ரெட்டினாய்டு ஆரம்பிச்சா முதல் ரெண்டு மாசம் சாதாரண வாசனையில்லாத க்ளென்சர், மாய்ஸ்சரைசர், சன்ஸ்க்ரீன், இதைத் தவிர மத்ததெல்லாம் அலமாரியில தூங்கட்டும். பென்சாயில் பெராக்சைடும் சேத்து எழுதியிருந்தா எதை எப்போ போடுறதுன்னு கேட்டு வாங்கிக்கோங்க, ஏன்னா அடாபலீனோட அது ஒத்துப்போகும், ரெண்டும் கலந்த ஜெல்லே கடையில இருக்கு, ஆனா பழைய வகை ட்ரெடினாய்ன் மேல அதைப் போட்டா ட்ரெடினாய்ன் வலு போயிடும். அப்புறம் ஒரு வீட்டுச் சண்டைக்கான விஷயம்: பென்சாயில் பெராக்சைடு துணியை வெளுத்துடும். நீலத் தலையணை உறையில ஆரஞ்சுத் திட்டு விழுந்தா அது கறை இல்ல, எவ்வளவு துவைச்சாலும் போகாது, அது சாயம் போன இடம். வெள்ளைத் துண்டு, வெள்ளை உறை எடுத்து வெச்சுக்கோங்க, அம்மாகிட்ட திட்டு மிச்சம்.

இப்போ நம்ம ஊர் ஸ்பெஷல் தப்புக்கு வர்றேன். முகம் எரியுதுன்னு சொன்ன உடனே வீட்ல ஆளுக்கொன்னு சொல்வாங்க. எலுமிச்சம்பழம் தேய்ங்கறது, டூத்பேஸ்ட் வைங்கறது, கடலை மாவு போட்டு நல்லா கழுவுன்னு சொல்றது, ஆவி பிடின்னு சொல்றது. நல்ல எண்ணத்துலதான் சொல்றாங்க, அதுல சந்தேகமே இல்ல. ஆனா தோலோட மேல் அடுக்கு ஏற்கெனவே பிஞ்சு கிடக்கும்போது எலுமிச்சை ஆசிட்டை அது மேல ஊத்துறது புண்ணுல உப்பு தேய்க்கிற கதைதான், அதோட வெயில்ல போனா அந்த இடமெல்லாம் கருத்துப் போகும். மஞ்சளும் பயத்தமாவும் மத்த நாள்ல ஒன்னும் பண்ணாம இருக்கலாம், உரியிற தோல்ல அந்த நறநறப்பு ஸ்க்ரப் மாதிரி வேலை செய்யும். தேங்காயெண்ணெய் குளுகுளுன்னு இருக்கும், ஆனா பரு வர்ற முகத்துல துளையை அடைக்கக்கூடிய எண்ணெய் அது, கை காலுக்கு வெச்சுக்கோங்க. எரிச்சலுக்குச் செய்ய வேண்டியது ரொம்ப போரடிக்கிற விஷயம்: மூணு நாலு நாள் மருந்தை நிறுத்திட்டு, பச்சைத் தண்ணியில கழுவி, செராமைடோ கிளிசரினோ இருக்கிற மாய்ஸ்சரைசரை ஒரு நாளைக்கு மூணு தடவை போடுறது. உரியிற தோலை நகத்தால பிச்சு எடுக்காம விடுறதுதான் இதுல கஷ்டமான பாகம்.

இதையெல்லாம்விட நான் பயப்படுறது மெடிக்கல் ஷாப் க்ரீமுக்கு. முகம் சிவந்து அரிக்குதுன்னு கவுன்டர்ல சொன்னா, சீட்டு எதுவும் கேக்காம ஒரு ட்யூப் எடுத்துக் குடுத்துடுவாங்க, போட்ட ரெண்டே நாள்ல முகம் பளிச்சுனு ஆயிடும், அரிப்பு காணாமப் போயிடும், பருவும் அமுங்கும். அட இதுதாண்டா மருந்துன்னு தோணும். பின்னாடி இருக்கிற பொடி எழுத்தைப் படிச்சுப் பாருங்க, பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபெட்டசால்னு ஏதாவது இருந்தா அது ஸ்டீராய்டு. சிலதுல அதோட தோலை வெளுக்க வைக்கிற ஹைட்ரோகுவினோனும், ட்ரெடினாய்னும் சேந்தே இருக்கும், அதை ஃபேர்னஸ் க்ரீமா வருஷக்கணக்குல போடுறவங்க இருக்காங்க. சில வாரம் போட்டாலே முகத் தோல் மெலிய ஆரம்பிக்கும், ரத்தக் குழாய் நூல் நூலா தெரியும், மீசை மாதிரி முடி வளரும், எல்லாம் ஒரே சைஸ்ல பொரிப்பொரியா புதுசா பரு வரும். நிறுத்தினா நெருப்பு மாதிரி எரியும், அந்த எரிச்சலுக்கு பயந்து திரும்பப் போடுவாங்க, இப்படியே சுத்திக்கிட்டு இருப்பாங்க. இந்தியத் தோல் டாக்டர்கள் இதுக்குன்னு தனிப் பேரே வெச்சு ஆராய்ச்சி பண்ற அளவுக்கு இது இங்க பரவிக் கிடக்கு. 2018-ல மத்திய அரசு நிறைய ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இருந்தாத்தான் விக்கணும்னு மாத்துச்சு, ஆனா கவுன்டர்ல என்ன நடக்குதுன்னு நமக்கே தெரியும். ஏற்கெனவே இப்படி ஒன்னு மாசக்கணக்கா போட்டுக்கிட்டு இருக்கீங்கன்னா நீங்களா சட்டுனு நிறுத்தாம டாக்டர்கிட்ட ட்யூப்பையே எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க, படிப்படியா இறக்க வழி இருக்கு.

பார்லர் விஷயம் ஒன்னு. ரெட்டினாய்டு போடுற முகத்துல வேக்ஸ் வெச்சு இழுத்தா முடியோட தோலும் வந்துடும், மேலுதட்டுல சின்னச் சின்னதா பச்சைப் புண்ணா நிக்கும், அது ஆறினதும் மீசை மாதிரியே கருப்புக் கோடு. கல்யாண வீட்டுக்கு ஒரு வாரம் முன்னாடி ப்ளீச், ஃபேஷியல், த்ரெட்டிங் மூணும் சேத்துப் பண்ணிக்கிட்டு வர்றது இதுக்குன்னே நடக்கிற மாதிரி இருக்கும். கடுமையான பருவுக்குக் குடுக்கிற ஐசோட்ரெடினாய்ன் மாத்திரை சாப்பிடுறவங்க சாப்பிட்டு முடிச்சும் ஆறு மாசம் வரைக்கும் வேக்ஸிங் பக்கம் போகக் கூடாதுன்னு சொல்றாங்க.

மாத்திரைன்னதும் ஞாபகம் வருது, க்ரீம்ல பண்ற தப்பு பெரும்பாலும் முகத்தோட நிக்கும், மாத்திரைல அப்படி இல்ல. பருவுக்குக் குடுக்கிற ஆன்டிபயாடிக்கான டாக்ஸிசைக்ளினை ராத்திரி படுக்கையில உக்காந்து ஒரு வாய் தண்ணியில முழுங்கிட்டு அப்படியே சாஞ்சா, அது உணவுக்குழாய்ல ஒட்டிக்கிட்டு அங்கயே புண்ணாக்கும், அடுத்த நாள் எச்சில் முழுங்கினாலே நெஞ்சு வலிக்கும், ஹார்ட் அட்டாக்கோன்னு அலறி அடிச்சு ஓடுவாங்க. முழு டம்ளர் தண்ணி, அப்புறம் அரை மணி நேரமாவது நிமிந்து இருக்கணும், அவ்வளவுதான். அதே மாத்திரை வெயிலையும் தாங்க விடாது, டூவீலர்ல போறவங்களுக்கு மூக்கும் புறங்கையும் வெந்து போகும். எஸ்பிஎஃப் 30-க்கு மேல சன்ஸ்க்ரீன், முழுக்கை சட்டை, ரெண்டும் வேணும்.

ஐசோட்ரெடினாய்ன் கதையே தனி. உதடு வெடிக்கிறது கிட்டத்தட்ட எல்லாருக்கும் வரும், அதுக்கு நாக்கால நக்கி ஈரம் பண்ணக் கூடாது, வாசலின் பையிலயே இருக்கட்டும். மூக்குல லேசா ரத்தம், கண் வறண்டு கான்டாக்ட் லென்ஸ் உறுத்துறது, உடம்பு வலி, இதெல்லாம் டாக்டர்கிட்ட சொல்லணும், ஆனா அதுக்காக பீதியாக வேண்டாம். பீதியாக வேண்டிய விஷயம் கர்ப்பம். கருவுல இருக்கிற குழந்தைக்குக் கடுமையான குறைபாடு உண்டாக்கும் இந்த மருந்து, சாப்பிடும்போதும் நிறுத்தி ஒரு மாசம் வரைக்கும் கர்ப்பம் ஆகவே கூடாது, அந்தக் காலத்துல ஆணோ பெண்ணோ ரத்த தானமும் பண்ணக் கூடாது, அந்த ரத்தம் கர்ப்பிணிக்குப் போயிடலாம்ங்கறதுதான் காரணம். அதனால அக்கா சாப்பிட்ட மிச்ச ஸ்ட்ரிப்பைத் தங்கச்சி எடுத்து சாப்பிடுறதெல்லாம் விளையாட்டு இல்ல. கூடவே வைட்டமின் ஏ மாத்திரை போடாதீங்க, இதுவே அந்த வகைதான், ரெண்டும் சேந்தா ஓவர்டோஸ். ரத்தத்துல கொழுப்பும் ஈரலும் டெஸ்ட் பண்ணச் சொன்னா தள்ளிப் போடாதீங்க. மனசு சரியில்லாம, எதுலயும் பிடிப்பில்லாமப் போனா அதை எக்ஸாம் டென்ஷன்னு ஒதுக்காம வீட்லயும் டாக்டர்கிட்டயும் சொல்லிடணும்.

நிறைய பேருக்குத் தெரியாத ஒன்னு இருக்கு. மழைக்காலத்துல காய்ச்சல் வந்து, எலிக்காய்ச்சலோ ஸ்க்ரப் டைஃபஸோன்னு சந்தேகப்பட்டா நம்ம ஊர்ல டாக்டர்கள் டாக்ஸிசைக்ளின் எழுதுவாங்க. நீங்க பருவுக்கு ஐசோட்ரெடினாய்ன்ல இருக்கிறது அவங்களுக்கு எப்படித் தெரியும், பருவைப் போய்க் காய்ச்சல் டாக்டர்கிட்ட யாரும் சொல்றதில்ல. ரெண்டும் சேந்தா மூளைக்குள்ள அழுத்தம் கூடி, விடாத தலைவலி, வாந்தி, பார்வை மங்கல்னு கொண்டுபோய் விடலாம். எந்த டாக்டர்கிட்ட போனாலும் மாத்திரை அட்டையைப் போட்டோ எடுத்துக் காட்டிடுங்க.

எரிச்சல் அடங்கினதும் திரும்ப ஆரம்பிக்கிறதுலயும் அவசரம் காட்டாதீங்க. விட்ட நாளைச் சேத்துப் போடுறேன்னு தினமும் தடவினா அடுத்த வாரமே பழையபடி உரியும். மூணு ராத்திரிக்கு ஒரு தடவை, முதல்ல மாய்ஸ்சரைசர், அது மேல ஜெல், வேணும்னா திரும்ப மாய்ஸ்சரைசர்னு ஆரம்பிங்க. அதுவும் தாங்கலன்னா அரை மணி நேரம் வெச்சிருந்து கழுவிடுங்க, அதுலயும் வேலை செய்யும். ரெண்டு வாரம் தொந்தரவு இல்லாம போச்சுன்னா ஒரு நாள் விட்டு ஒரு நாள். கர்ப்பத்துக்கு ப்ளான் பண்றவங்க மட்டும் ரெட்டினாய்டு ஜெல்லையே திரும்ப ஆரம்பிக்காம டாக்டர்கிட்ட கேளுங்க, அசிலாயிக் ஆசிட் மாதிரி மாத்து இருக்கு, அதுவும் முதல்ல கொஞ்சம் ஊசி குத்துற மாதிரி இருக்கும், ஆனா கர்ப்ப காலத்துலயும் போடலாம்னு டாக்டர்கள் குடுக்கிற மருந்து. பலன் கண்ணுக்குத் தெரிய எதுக்குமே பன்னெண்டு வாரம் வரைக்கும் ஆகும், அதுக்குள்ள வாரம் ஒரு தடவை அதே ஜன்னல் வெளிச்சத்துல ஒரு போட்டோ எடுத்து வைங்க, அடுத்த விசிட்ல டாக்டர் எப்படிம்மா இருக்குன்னு கேக்கும்போது அதைக் காட்டினாப் போதும்.